வீடு திரும்பும் பிள்ளைகள்: திருவள்ளூர் வட்டாரத்துக் காப்பகங்களும் தமிழக மிஷன் மரபும்

சென்னை சென்ட்ரலில் இருந்து வடக்கே போகும் புறநகர் ரயில் மீஞ்சூரையும் பொன்னேரியையும் தாண்டி, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் கும்மிடிப்பூண்டியை அடைகிறது. அதற்கு அப்பால் ஆரம்பாக்கம். பிறகு ஆந்திர எல்லை. ஏரிப் பாசனமும் நெல்லுமாக இருந்த இந்த மண்ணில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இரும்புருக்கு ஆலைகளும் உருட்டாலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் பெருகின. தேர்வாய் கண்டிகையில் இன்னொரு தொழிற்பேட்டை எழுந்தது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களில் இருந்து ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். ஊரை ஒட்டி 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. மேற்கே பெரியபாளையம், ஊத்துக்கோட்டை பக்கம் செங்கல் சூளைகள். தெற்கே செங்குன்றத்தில் அரிசி ஆலைகள். மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் இருளர் குடியிருப்புகள்.

இவர்கள் எல்லோருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளைத் தேடிச் சபைகளும் ஊழியங்களும் வருகின்றன. ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, இருபது பாய்களை விரித்து, ஒரு சமையல்காரரை அமர்த்தி, ஜெபத்தோடு தொடங்கும் இல்லங்களைத் தமிழகத்தின் தொழிற்பேட்டை ஊர்கள் பலவற்றில் காணலாம். தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையான இரக்கத்தோடுதான் தொடங்குகிறார்கள். அந்த இரக்கத்தை மதித்தே ஒரு கேள்வியை எழுப்ப வேண்டியிருக்கிறது: இப்படிப்பட்ட ஓர் இல்லத்தின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது?

எத்தனை பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள் என்ற கணக்கைத்தான் இதுவரை சொல்லி வந்திருக்கிறோம். எத்தனை பிள்ளைகளால் பெற்றவர்களோடும் உற்றவர்களோடும் மீண்டும் வாழ முடிந்தது என்பதே சரியான கணக்கு. தமிழ்நாட்டில் மூன்று நூற்றாண்டுகளாக நடந்துவரும் மிஷன் பணியின் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், அந்த வரலாறே இந்தப் பாடத்தைத் தருகிறது.

ஹாலேயில் இருந்து தரங்கம்பாடிக்கு

ஜெர்மனியின் ஹாலே நகரில் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்துக்கான பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அச்சகமும் மருந்துச் சாலையும் புத்தகக் கடையும் அதனோடு சேர்ந்து வளர்ந்தன. மருந்து விற்ற வருமானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. அந்த ஹாலேயின் உருவாக்கமான பர்த்தலோமேயுஸ் சீகன்பால்கும் ஹைன்ரிக் புளுட்சாவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் கற்றார், அச்சகம் வைத்தார், பள்ளிகள் நடத்தினார், பிள்ளைகளைத் தங்க வைத்துச் சோறும் துணியும் தந்தார். பள்ளி, விடுதி, அச்சகம், ஜெபக்கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும் அமைப்பு அங்கிருந்துதான் தமிழகம் முழுவதும் பரவியது.

அதோடு இன்னொரு வழக்கமும் வந்து சேர்ந்தது. தரங்கம்பாடியில் இருந்து சென்ற கடிதங்களை ஹாலேயில் அச்சிட்டு ஐரோப்பா முழுக்க அனுப்பினார்கள். கடிதத்தைப் படித்தவர்கள் காணிக்கை அனுப்பினார்கள். தூரதேசத்துப் பிள்ளையின் துயரத்தை எழுத்தில் வடித்துக் காட்டினால் பணம் வரும் என்ற ஏற்பாடு அப்போதே நிலைபெற்றுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இந்த ஏற்பாடு இன்னும் ஓர் அடி முன்னே போனது. 1816இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன், விடுதிப் பள்ளிகளில் சேர்ந்த மாணவர்களின் செலவை அமெரிக்கக் கொடையாளர்களிடம் ஒப்படைத்தது. கொடை தந்தவரின் பெயரை மாணவனுக்கு இட்டது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று தமிழ்ப் புலமை வரலாற்றில் நாம் வாசிக்கும் பெயர்களில் அந்த வழக்கத்தின் தடம் இருக்கிறது. அந்தப் பள்ளிகள் தந்த கல்வி உயர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. ஆனாலும் கொடுத்தவரின் உரிமை பெற்றவனின் பெயர் வரைக்கும் எட்டியது என்பதை மறக்கக் கூடாது. இன்று ஒரு பிள்ளையின் படத்தையும் அவன் எழுதிய நன்றிக் கடிதத்தையும் மாதந்தோறும் ஸ்பான்சருக்கு அனுப்பும் முறை இருநூறு ஆண்டுப் பழக்கத்தின் தொடர்ச்சி.

தாய் உயிரோடிருந்த அநாதைகள்

1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். மணலில் விரலால் எழுதிப் படிக்கும் உள்ளூர்த் திண்ணைப் பள்ளி முறையைப் பார்த்து, மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் முறையை அங்கே நடைமுறைப்படுத்தினார். 1797இல் அவர் வெளியிட்ட நூலால் அது ‘மெட்ராஸ் முறை’ என்று உலகப் புகழ் பெற்றது. கல்வி வரலாற்றில் இது பெரிய சாதனை. ஆனால் அந்தப் பிள்ளைகள் யார்? கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். பலருக்குத் தாய் உயிரோடு இருந்தாள். தாயின் பழக்கவழக்கம் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்ற எண்ணத்தில், அவளிடமிருந்து பிரிப்பதையே காப்பகம் தன் கடமையாகக் கொண்டிருந்தது.

பெற்றவர் இருந்தும் பிள்ளை அநாதையாவதற்குப் பஞ்சம் இன்னொரு காரணம். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக்குள் இருக்கும் பழவேற்காட்டில் டச்சுக் கம்பெனியின் கெல்டிரியா கோட்டை இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச ஆண்டுகளில் சோழமண்டலக் கரையில் மக்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றார்கள். அடிமைகளாக வாங்கப்பட்டவர்கள் பழவேற்காட்டில் இருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறினார்கள். 1876–78 பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. வழியோரத்தில் விடப்பட்ட பிள்ளைகளை மிஷன்கள் எடுத்து வளர்த்தன. தென் தமிழகத்து நாசரேத்தில் மிஷனரி மார்காஷிஸ் ஐயர் 1878இல் தொடங்கிய தொழிற்பள்ளி அந்தக் காலத்தின் கொடை. பஞ்சத்தில் இந்த இல்லங்கள் இல்லாதிருந்தால் பல ஆயிரம் பிள்ளைகள் பிழைத்திருக்க மாட்டார்கள். அந்த நன்றியை இந்த நாடு மறக்கக் கூடாது.

பஞ்சம் முடிந்த பிறகும் இல்லங்கள் இருந்தன. கட்டடம் இருந்தது, கொடையாளர் பட்டியல் இருந்தது, வேலைக்கு அமர்ந்த ஊழியர்கள் இருந்தார்கள். பேரிடருக்காகத் தொடங்கிய ஏற்பாடு நிரந்தரமாகும்போது பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். அப்போது வறுமையே சேர்க்கைக்குப் போதுமான காரணம் ஆகிவிடுகிறது.

டோனாவூர் காட்டிய இரண்டு பக்கங்கள்

குடும்பத்திடம் திருப்பி அனுப்புவதே எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. 1901இல் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, தேவதாசி முறைக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த வீட்டில் இருந்து தப்பி, மிஷனரி ஏமி கார்மைக்கேலிடம் வந்து சேர்ந்தாள். அதற்கு முன் ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடமே போயிருந்தாள். தேடி வந்தவர்களின் மிரட்டலுக்கு அஞ்சித் தாய் அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சிறுமியின் கைகளில் சூடு போட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு வீடு பாதுகாப்பு ஆகாது, இல்லம்தான் பாதுகாப்பு. திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1951 ஜனவரியில் இறக்கும் வரை இந்தப் பணியைச் செய்தார். 1918 முதல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்தார். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லத்தைத் தொடங்கியதற்கும் இதே கொடுமையில் இருந்து தப்பி வந்த பெண்களே காரணம். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது.

டோனாவூரில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பெரிய கொட்டடிகளில் அடைக்காமல் சிறு சிறு வீடுகளில் பிள்ளைகளை வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ‘அக்காள்’ பொறுப்பு. ஏமி ‘அம்மா’, மூத்த பெண் ஊழியர்கள் ‘சித்தி’. குடும்பம் தர முடியாததைக் குடும்ப வடிவத்திலேயே தர முயன்றார்கள். அடுத்தது, பணத்துக்காகக் கை நீட்டுவதில்லை என்ற உறுதி. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836 முதல் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் மில்லரிடம் இருந்து வந்த கொள்கை அது. ஹாலேயில் படித்த நாளில் பிராங்கேயின் இல்லத்தில் தங்கியிருந்தவர் மில்லர். ஹாலேயின் விதை தரங்கம்பாடியில் கடிதமாக முளைத்தது போலவே, டோனாவூரில் பணம் கேட்காத மௌனமாகவும் முளைத்தது. பிள்ளையின் துயரைக் காட்டிப் பணம் திரட்டாமலும் இல்லம் நடத்தலாம் என்பதற்கு அது சாட்சி.

ஈக்காட்டில் எழுந்த நிலக் கேள்வி

திருவள்ளூருக்கே ஒரு முன்மாதிரி உண்டு. ஷெட்லாந்துத் தீவில் இருந்து வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி, 1880கள் முதல் திருவள்ளூர் பகுதியில் பணியாற்றினார். ஊரை அடுத்த ஈக்காட்டில் பள்ளி, விடுதி, மருத்துவமனை, பெண்களுக்கான லேஸ் பின்னல் தொழில் என்று ஒரு மிஷன் வளாகம் வளர்ந்தது. திருவள்ளூரில் இன்றும் கௌடி பெயரில் பள்ளி இருக்கிறது. ஆனால் அவரது பணியில் பெரிது வளாகத்துக்கு வெளியே நடந்தது.

அன்று திருவள்ளூர் செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. பறையர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மிராசுதார்களின் பண்ணையாட்களாக இருந்தன. குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துவிட்டு வெளியேற்றலாம். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் இந்த நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அளித்தார். கௌடியும் செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும் நிலமும் மனையும் தரப்பட வேண்டும் என்று அரசிடம் விடாமல் வாதாடினார்கள். 1892இல் அரசாணை வந்தது. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற ஒதுக்கீடு அதில் தொடங்கியது. அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டதும், அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994இல் காரணையில் இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததும் பிற்கால வரலாறு.

ஈக்காட்டு வரலாற்றில் நமக்கு வேண்டிய செய்தி இது. பிள்ளையை விடுதிக்குத் துரத்துவது எது என்று கௌடி கேட்டார். நிலமின்மை என்று பதில் கிடைத்தது. விடுதியை நடத்திக்கொண்டே நிலத்துக்காக அரசு அலுவலகப் படிகளை ஏறினார். மிஷன் பணியின் முழு வடிவம் இதுதான். பிற்காலத்தில் நிலத்துக்காக வாதாடும் பாதியை விட்டுவிட்டு விடுதியை மட்டும் பிடித்துக்கொண்டதுதான் நம் பிழை.

சூளையில் செங்கல் புரட்டும் கைகள்

இன்றைய பிள்ளைகளைப் பார்ப்போம். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களில் அறுவடை முடிந்ததும் தரகர் அட்வான்ஸ் தருவார். குடும்பத்தோடு ரயிலேறி வந்து, மழை தொடங்கும் வரை திருவள்ளூர் சூளைகளில் கல் அறுப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணவன் மண் குழைத்துக் கொடுக்க மனைவி அச்சில் அறுப்பாள். வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும் என்பதால் நள்ளிரவு கடந்ததுமே வேலை தொடங்கிவிடும். ஈரக் கல் ஒரு பக்கம் காய்ந்ததும் அதைப் புரட்டிப் போட வேண்டும். பெரியவர் காலடி பட்டால் கல் நசுங்கிவிடும். பிள்ளையின் எடை குறைவு. அதனால் வரிசைகளுக்கு நடுவே நடந்து கல் புரட்டுவது பிள்ளைகளின் வேலை ஆகிறது. இன்னும் சிறிய பிள்ளையைச் சற்றே பெரிய பிள்ளை இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கும்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 2011இல் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளை ஒன்றில் இருந்து ஒடிசாவைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அந்த மீட்புக்குத் துணை நின்றது இண்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு. மீட்கப்பட்டவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். பெற்றோருக்கு விடுதலைச் சான்றும் ஊர் திரும்பும் வழியும் கிடைத்தபோது, பிள்ளைகளுக்கும் வழி கிடைத்தது. அதே காலத்தில் மாவட்ட நிர்வாகமும் அனைவருக்கும் கல்வி இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, ஒடியா ஆசிரியர்களையும் ஒடியாப் பாடநூல்களையும் வரவழைத்துச் சூளைப் பகுதியிலேயே பள்ளிகள் நடத்தின. மாலையில் பிள்ளை தாயிடம் போனது. படிப்புக்காகத் தாயை விட்டுப் பிரிய வேண்டியதில்லை என்று அந்தப் பள்ளிகள் நிரூபித்தன.

சிப்காட் தொழிலாளர் குடும்பத்தின் நிலையும் ஏறத்தாழ இதே. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒற்றை அறையில் இரண்டு குடும்பம். ஆலையில் கணவனுக்கு விபத்து நேர்ந்தால், ஊரில் உறவும் மொழியும் இல்லாத மனைவி மூன்று பிள்ளைகளோடு நிற்கிறாள். அப்போது ஒருவர் வந்து, “பிள்ளைகளை எங்களிடம் விடுங்கள் அம்மா, படிக்க வைக்கிறோம்” என்றால் அவள் எப்படி மறுப்பாள்? இவளது பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள். அவளிடம் இல்லாதது மாதம் சில ஆயிரம் ரூபாயும், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமும்.

உலகம் முழுவதும் இதுவே நிலை. காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது பெற்றோரில் ஒருவரோ இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. காப்பக வாழ்க்கை பிள்ளையை என்ன செய்கிறது என்பதற்கு ருமேனியாவின் புகாரெஸ்ட்டில் 2000இல் தொடங்கிய ஆய்வு வலுவான சான்று. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நான்கரை வயதில் அளந்தபோது, காப்பகத்திலேயே இருந்தவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு 73; வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81; பிறந்தது முதல் பெற்றோரிடமே வளர்ந்தவர்களுக்கு 109. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போன குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின. ருமேனியக் காப்பகங்களின் கொடுமை நம் ஊர் இல்லங்களில் இல்லை என்று வாதிடலாம். இருந்தும் கைக்குழந்தைக்குத் தன்னையே பார்க்கும் ஒரு முகம் வேண்டும் என்ற உண்மை எல்லா ஊருக்கும் பொது.

சட்டம் எதைக் கேட்கிறது

குழந்தை இல்லங்கள் பற்றிய மிக முக்கியமான உச்ச நீதிமன்ற வழக்கு தமிழ்நாட்டில் இருந்தே எழுந்தது. மாமல்லபுரத்தில் ஆதரவற்ற பிள்ளைகள் சுரண்டப்படுவதாக வந்த நாளிதழ்ச் செய்தியை இணைத்து ஒருவர் 2007இல் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அது பொதுநல வழக்கானது. வழக்கு நடக்கும்போதே, 2010இல், அசாம், மணிப்பூர் மாநிலங்களில் இருந்து தமிழ்நாட்டு இல்லங்களுக்குக் கொண்டுவரப்பட்ட 76 பிள்ளைகள் மீட்கப்பட்டார்கள். 2017 மே 5 அன்று நீதிபதி மதன் லோகூர் அமர்வு அளித்த தீர்ப்பு, நாட்டின் எல்லாக் குழந்தை இல்லங்களும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. பின்னர் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 9,589 இல்லங்கள் பட்டியலாயின. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு பெற்றிருந்தது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது தெளிவானது. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். எந்த இல்லத்துக்குப் போக வேண்டும் என்பதைக் குழு முடிவு செய்யும். இல்லம் தானாக முடிவு செய்ய முடியாது. நிதியுதவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் 41ஆம் பிரிவின்படி பதிவு கட்டாயம். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. படிப்புக்காகப் பிள்ளைகளைத் தங்க வைக்கும் விடுதிகளுக்கு 2014இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது.

‘ஆண்டவருடைய ஊழியத்துக்கு அரசாங்கத்தின் அனுமதி எதற்கு?’ என்று சில போதகர்கள் கேட்பதுண்டு. திருச்சியில் ஒரு கிறித்தவ இல்லத்தில், உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து பச்சிளம் வயதில் கொண்டுவரப்பட்ட எண்பதுக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகள் பல ஆண்டுகள் வளர்ந்தார்கள். பெண் சிசுக் கொலையில் இருந்து காப்பாற்றியதாக இல்லம் சொன்னது. ஆனால் யார் பிள்ளை யார் என்பதற்கு முறையான ஆவணம் இல்லை. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், பெற்றோரைக் கண்டறிய மரபணுச் சோதனை வரை நீண்டது. ஒரு பெண் வளர்ந்து நின்று ‘என் தாய் யார்?’ என்று கேட்கும்போது பதில் சொல்லும் தாள் அந்த இல்லத்தில் இருந்திருக்க வேண்டும். பதிவு அந்தத் தாளுக்காகத்தான். திருப்பூரில் 2022 அக்டோபரில், கிறித்தவம் சாராத ஓர் இல்லத்தில், கெட்டுப்போன உணவால் மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். கண்காணிப்பு எல்லா மதத்து இல்லத்துக்கும் வேண்டும். ஒரு மதத்து இல்லத்தை மட்டும் குறிவைத்தால் அது கண்காணிப்பு ஆகாது.

நல்ல இல்லம் ஒன்றை அதன் கோப்பு அலமாரியிலேயே அடையாளம் காணலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. நலக் குழுவின் ஆணை, குடும்ப விசாரணை அறிக்கை, தனிநபர் பராமரிப்புத் திட்டம், மருத்துவ அட்டை, ஆதார், பள்ளிச் சான்று, தாயோ பாட்டியோ வந்து பார்த்த தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். பிள்ளைக்கு 40 சதுர அடி படுக்கை இடம் என்று விதி சொல்வதும், ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை என்பதும் கவனிக்க வேண்டியவை. ஆனால் உறவினர் வந்து போன தேதிகள் உள்ள தாள் காலியாக இருந்தால், மற்ற எல்லாத் தாளும் சரியாக இருந்தும் அந்த இல்லம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

பணம் வரும் வழி

வெளிநாட்டுப் பணத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1976இல் வந்து, 2010இல் புதிதாக இயற்றப்பட்டது. 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டில் இருந்து 20 விழுக்காட்டுக்குக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொன்றுக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கியின் ஒரு கிளைக்கே வர வேண்டும் என்றது. பெரிய நிறுவனத்தின் நிழலில் நிதி பெற்றுவந்த சிறு இல்லங்களுக்கு இந்தத் தடை பேரிடியானது.

அதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. 1968 முதல் இந்தியாவில் இயங்கிய கம்பேஷன் இண்டர்நேஷனல் என்ற கிறித்தவ அமைப்பு, அரசின் முன் அனுமதிக் கட்டுப்பாட்டால் 2017 மார்ச்சில் வெளியேறியது. ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகள் அதன் உதவியில் இருந்தார்கள். அரசின் நடவடிக்கை நியாயமா என்ற வாதத்தில் இரு பக்கமும் உண்டு. ஆனால் ஒன்றில் ஐயமில்லை: பிள்ளையின் சோறும் பள்ளிக் கட்டணமும் ஒரே வெளிநாட்டுக் கணக்கைச் சார்ந்திருந்தால், அந்தக் கணக்கு நிற்கும் நாளில் பிள்ளை தெருவுக்கு வந்துவிடும்.

மாற்று வழி தமிழ்க் கிறித்தவர்களுக்குப் புதிதல்ல. 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் தோழர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியர் பணம், இந்தியர் ஊழியம், இந்தியர் நிர்வாகம் என்று உறுதி செய்தார்கள். பனையேறிகளும் சிறு விவசாயிகளும் தந்த காணிக்கையில் நிஜாம் நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த நல்ல முன்மாதிரியும் உண்டு. 1959இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் தொடங்கிய கிண்டர்நோட்ஹில்ஃபே என்ற அமைப்பு, இந்தியத் திருச்சபை விடுதிப் பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் தேடித் தருவதில்தான் ஆரம்பித்தது. பின்னாளில் தாய்மார்களின் சுயஉதவிக் குழுக்களை வளர்க்கும் வழிக்குத் திரும்பியது. பிள்ளைக்குத் தந்த பணம் தாயின் கைக்குப் போகத் தொடங்கியது.

மதமும் சாதிச் சான்றிதழும்

மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆம் கூறு தருகிறது. அந்த உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில், சிறுவர்களைப் பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் மதப் போதனையில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்பது 28ஆம் கூறு. தன் விசுவாசத்தை மறைக்கும்படி எந்த ஊழியரையும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் சோற்றுக்கும் படுக்கைக்கும் உங்களையே நம்பியிருக்கும் எட்டு வயதுப் பிள்ளை சொல்லும் சம்மதத்துக்கு எடை கிடையாது.

இதில் பலர் யோசிக்காத ஒரு நடைமுறைச் சேதமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் பிந்தைய திருத்தங்களும் சொல்வதன்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கொள்ளப்படுவர். தமிழ்நாட்டில் கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இந்த விதி அநீதியானது என்று கிறித்தவத் தலித்துகள் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் விதி மாறும் வரை, இல்லத்தில் ஒருவர் பள்ளிப் பதிவேட்டில் ‘கிறித்தவர்’ என்று எழுதும் ஒரு சொல், பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளையின் கல்லூரி இடத்தையும் உதவித்தொகையையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் பறித்துவிடும். பெற்றோர் தந்த பெயரையும் சாதியையும் மதத்தையும் அப்படியே பதிவது இல்லத்தின் கடமை. விசுவாசத்தைப் பற்றி அந்தப் பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும்.

இனி செய்ய வேண்டியது

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஊழியம் செய்கிறவர்களுக்கு இன்று முன்னெப்போதும் இல்லாத கருவிகள் கையில் இருக்கின்றன. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளை குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தை 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத இருளர் பாட்டிக்கும், தமிழ் தெரியாத ஒடியா விதவைக்கும் இந்தப் பணம் தானாக வந்து சேராது. இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது கூட வர வேண்டும். வட்டாட்சியர் அலுவலக வரிசையில் அவளோடு நிற்பது பெரிய ஊழியம். கௌடி செய்தது அதைத்தான்.

ஷிப்ட் நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்கும் பகல் காப்பகம் ஒன்றைச் சபைக் கட்டடத்திலேயே நடத்தலாம்; வார நாட்களில் பல ஆலயங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஓர் ஆசிரியரை அமர்த்தலாம். வீடே ஆபத்தாக இருக்கும் பிள்ளைகளுக்கு இல்லங்கள் தொடரட்டும்: பதிவோடு, சிறிய வீடுகளாக, உறவினர் வந்து போகும் கதவோடு. பதினெட்டு வயது முடிந்ததும் வெளியே அனுப்பிக் கைகழுவாமல், சட்டம் தரும் பின்பராமரிப்பை வேலை கிடைக்கும் வரை கொடுக்கட்டும்.

காணிக்கை தருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் இல்லத்துக்குப் பணம் அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பதிவுச் சான்று இருக்கிறதா? பிள்ளைகளின் பெற்றோர் யார், கடைசியாக எப்போது வந்தார்கள்? சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த இல்லத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். பதில் இல்லாத இடத்தில், அந்தப் பணத்தைக் கொண்டு ஒரு தாய்க்கு உதவுங்கள். அவள் பிள்ளைக்கு இல்லமே தேவைப்படாது.